பள்ளிவாசல் கணினியும் ஓர் அமானிதம்

2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவேயில்லை. சேவை இயங்கிய மென்பொருள் பழையது. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. இணையத்தோடு இணைந்திருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை.

அரசுக்கே இந்த நிலை என்றால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பள்ளிவாசல் அலுவலகங்களை யோசித்துப் பாருங்கள். சந்தாக் கணக்கும் மையவாடிப் பதிவும் மட்டுமல்ல, ஸகாத் பெறுவோர் பட்டியலும் இன்று கணினியில்தான். அது கசிந்தால் போவது ஏழையின் மானம். அந்தக் கணினிக்குக் கடவுச்சொல் 786 என்றால் பூட்டே இல்லை என்று அர்த்தம்!

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்னும் அதையே பாவிப்பவர்கள் மாற்றுவதைப் பற்றி அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே பேச வேண்டும்.

பிரதி எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை எந்நேரமும் கணினியில் செருகி வைப்பது அரசு செய்த அதே தவறு. வாரம் ஒருமுறை பிரதி எடுத்துக் கழற்றிவிடுங்கள். இன்னொன்று கடவுச்சொல்லிட்டு, கடலுக்கும் வாவிக்கும் தூரமான ஒரு நிர்வாகியின் வீட்டில் இருக்கட்டும். 2004 சுனாமி வந்த கரை இது. மாதம் ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல. திரையில் பணம் கேட்டு அறிவித்தல் வந்தால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இல் அழையுங்கள்.