படத்தில் ஒரு விரற்கடை. தண்டவாளத்தில் 6 கிலோ மீட்டர்!

அருவங்காடு–

"அடுத்த புள்ளிதானே கேத்தி! ரெயில் வர்றதுக்குள்ளே நடந்தே போயிடலாம், வாடா!"

ஊட்டியைச் சுற்றிப் பார்க்க வரும் வாலிபர்கள் இப்படிப் பேசிக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கிவிடுவது உண்டு. கையில் மலை ரெயில் படம். படத்தில் ஒரே ஒரு கோடு. கோட்டின் மேல் புள்ளிகள். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. புள்ளிக்குப் புள்ளி ஒரே இடைவெளி!

ஆளைக் கவிழ்ப்பது அந்த இடைவெளிதான். குன்னூரில் இருந்து வெலிங்டன் சுமார் 2 கிலோ மீட்டர். அருவங்காட்டில் இருந்து கேத்தி சுமார் 6 கிலோ மீட்டர். படத்தில் இரண்டும் ஒரு விரற்கடை!

நடந்து பார்த்தால்தான் தெரியும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி வரை 46 கிலோ மீட்டர் பாதையில் 208 வளைவுகள். வளைவுக்கு அந்தப் பக்கம் ரெயில் வருகிறதா, காட்டெருமை நிற்கிறதா என்று யாருக்குத் தெரியும்? தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும்!

லண்டனில் பிறந்த கோடு

படம் பொய் சொல்கிறதா? இல்லை. அது வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

இந்த மாதிரிக் கோட்டுப் படத்துக்குப் பேர் வாங்கித் தந்தவர் லண்டனைச் சேர்ந்த ஹாரி பெக். மின்சார வரைபடம் போடுகிறவர். பூமிக்கு அடியில் போகிற பயணிக்கு ஆறும் தெருவும் எதற்கு, எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எந்த ஸ்டேஷன், எங்கே வண்டி மாற வேண்டும், அது போதுமே என்று நினைத்தார். 1931-ல் படம் போட்டார். முதலில் "வேண்டாம்" என்று தள்ளிவிட்டார்கள். 1933-ல் அச்சிட்டுக் கொடுத்ததும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சென்னை மெட்ரோ ரெயிலின் நீலக்கோடு, பச்சைக்கோடு படமும் அந்த வம்சம்தான்.

ஆனால் அங்கேயும் கூத்து உண்டு. லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்று இரண்டு ஸ்டேஷன்கள். இடையே 300 மீட்டர்கூட இல்லை. படத்தை நம்பி டிக்கெட் வாங்கி ரெயில் ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லண்டனில் நடக்க வேண்டியவன் ரெயில் ஏறுகிறான். நீலகிரியில் ரெயில் ஏற வேண்டியவன் நடக்கிறான்!

நியூயார்க்கில் சண்டையே நடந்தது. 1972-ல் மாசிமோ விக்னெல்லி போட்ட கோட்டுப் படம் அழகுதான். ஆனால் ஊரின் பெரிய பூங்கா அதில் சதுரமாகச் சுருங்கிக் கிடந்தது. "எங்க ஊரே இது இல்லையே" என்று புகார். 1979-ல் அதை எடுத்துவிட்டு, தெருவும் கரையும் தெரிகிற பூகோளப் படம் வைத்தார்கள். 2025-ல் மறுபடி கோட்டுப் படத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

ஏற்றம் எங்கே?

மலைக்கு இரண்டுமே போதாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து 330 மீட்டர் உயரம்கூட இல்லை. ஊட்டி 2,200 மீட்டர். கோட்டுப் படத்தில் இந்த ஏற்றம் படுத்துத் தூங்குகிறது. பூகோளப் படத்தில் வெறும் நெளிவு. பக்கவாட்டில் மலையைக் கத்தியால் வெட்டிய மாதிரி, உயரத்தைக் காட்டும் படம் தனி. அதைப் பார்த்தால்தான் ஏற 5 மணி நேரத்தை நெருங்கும் பயணம் இறங்க மூன்றரை மணியோடு முடிவது ஏன் என்று விளங்கும்.

கல்லாற்றில் இருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை. நீராவி என்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. குன்னூரில் பல் முடிந்துவிடும். அதற்கு மேல் அருவங்காடு வழியாக ஊட்டிக்கு இழுப்பது டீசல் என்ஜின். இன்னொரு வேடிக்கை: பாதையில் உயரமான ஸ்டேஷன் ஊட்டி அல்ல, லவ்டேல். கடைசிக் கொஞ்ச தூரம் ரெயில் ஊட்டிக்கு இறங்கித்தான் போகிறது!

புள்ளிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஹில்குரோவில் வண்டி நிற்பது என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க. அருவங்காட்டுப் புள்ளிக்குப் பக்கத்தில் 1900-களின் தொடக்கத்தில் இருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை இருப்பதைக் கோட்டுப் படம் சொல்லாது. வேடிக்கை பார்க்கிறேன் என்று அந்த மதில் பக்கம் காமிராவை நீட்டினால் விசாரணைதான்.

ஒற்றைக் கோடு

ஒரு விஷயத்தில் மட்டும் கோட்டுப் படம் மறைக்காமல் பேசுகிறது. மாற்றுப் பாதை கிடையாது! 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் பலியானார்கள். சாலையும் அடைபட்டது, ரெயில் பாதையும் அடைபட்டது. லண்டன் படத்தில் ஒரு நிறம் அறுந்தால் இன்னொரு நிறத்துக்குத் தாவலாம். இங்கே எங்கே தாவ?

ரெயில்வேக்காரர்கள் பயன்படுத்தும் படம் முற்றிலும் வேறு. ஒரு பக்கம் ஸ்டேஷன்கள், இன்னொரு பக்கம் மணி. ஒவ்வொரு ரெயிலும் ஒரு சாய்ந்த கோடு. செங்குத்தாக நின்றால் வேகம், படுத்தால் மெது. இரண்டு கோடு வெட்டுகிற இடத்தில் ஸ்டேஷன் இருந்தாக வேண்டும். ஒற்றைத் தண்டவாளம் அல்லவா, ஒன்று ஒதுங்கினால்தான் மற்றது போகும். பயணிக்கு அந்தப் படம் கிடைக்காது. அதையே நம்பராக மாற்றி எழுதியதுதான் கால அட்டவணை.

நமக்குத் தெரிந்த இன்னொரு படம் பஸ் நெற்றியில் இருக்கிறது. "வழி" என்று போட்டு ஊர்ப்பெயரை வரிசையாக எழுதியிருப்பார்களே, அதுவும் கோட்டுப் படம்தான், கோடு மட்டும் இல்லை.

செல்போன் படத்தில் தேடுகிறவர்கள் அருவங்காடு, அரவங்காடு என்று இரண்டு விதமாகவும் அடித்துப் பார்ப்பது நல்லது. ஊர் ஒன்று, எழுத்து இரண்டு. கேத்திக்குப் போக வேண்டியவர்கள் ரெயிலைத் தவறவிட்டால் தண்டவாளத்தில் இறங்காமல் மேலே ரோட்டுக்கு வரட்டும். குன்னூர்–ஊட்டி பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் டீக்கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.