இரும்புக் கயிறும் சங்கிலியும்
தங்கவயல் கூண்டுகளைத் தாங்கிய இணைப்பு

நங்கூரம் இறக்கும் படகுக்காரர் கயிற்றை மட்டும் நம்புவதில்லை. கடலடிப் பாறையில் உராய்ந்தால் கயிறு அறுந்து விடும். அதனால் நங்கூரத்தை ஒட்டிச் சங்கிலி இருக்கும். அதற்கு மேல்தான் கயிறு. இரண்டும் சேரும் இடத்தில்தான் அவருடைய கண் இருக்கும்.

கடலையே காணாத மாரிகுப்பத்திலும் அப்படி ஓர் இடம் இருந்தது. இங்கே அதில் தொங்கியது நங்கூரம் அல்ல, ஆட்கள்!

கோலார் தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சாம்பியன் ரீப் சுரங்கமோ சுமார் 3,200 மீட்டர் ஆழம். அதாவது, அடியில் வேலை பார்த்தவர்கள் கடல் மட்டத்துக்கும் வெகு கீழே நின்றார்கள். மாரிகுப்பத்து மைசூர் சுரங்கத்திலும், மற்றச் சுரங்கங்களிலும் ஆட்கள் இறங்கியது கூண்டில்தான். மூன்று மணி அடித்தால் ஆள் ஏறுகிறது என்று பொருள்.

கூம்பில் ஈயம்

கூண்டின் மேல் சங்கிலிகள். அதற்கு மேல் பாதுகாப்புக் கொக்கி. அதற்கும் மேல் இரும்புக் கயிற்றின் முனை. இந்த முனையைக் கோப்பதுதான் பெரிய வேலை.

எஃகுக் கம்பிகளால் முறுக்கிய கயிற்றுக்கு முடிச்சுப் போட முடியாது. முனையைப் பிரித்துத் துடைப்பம்போல் விரிப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைப்பார்கள்; பிசுக்கு இருந்தால் உலோகம் ஒட்டாது. பிறகு கூம்பு வடிவக் குழிக்குள் அதை இழுத்து, உருக்கிய வெள்ளை ஈயக் கலவையை ஊற்றுவார்கள். சுமை இழுக்க இழுக்கக் கூம்பு ஆப்புப்போல் இறுகும்.

கலவை அதிகம் கொதித்தால் எஃகின் உரம் போய் விடும். பதம் பார்க்க மரக்குச்சியை விடுவது பழைய வழக்கம். குச்சி கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது.

ஏன் வெட்டுகிறார்கள்?

40 மில்லிமீட்டர் கனமுள்ள கயிறு மீட்டருக்கு 6 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. 2 கிலோமீட்டர் நீளம் என்றால் கயிறு மட்டுமே 12 டன்! கூண்டு அடியில் நிற்கும்போது அந்தப் பாரம் முழுவதும் கயிற்றின் மேல் பகுதியில்தான் விழுகிறது. கீழ் முனை தாங்குவது கூண்டை மட்டுமே.

ஆனாலும் முதலில் கெடுவது கீழ் முனைதான். கயிற்றில் ஓடிவரும் அதிர்ச்சி எல்லாம் அசையாத கூம்பின் வாயில் வந்து முட்டி நிற்கிறது. சுரங்கத்தில் ஒழுகும் நீரும் தூசியும் அங்கே சேருகின்றன. உள்ளே அறுந்த கம்பி வெளியே தெரியாது.

ஆகவே 1961-ம் ஆண்டு உலோகச் சுரங்க விதிகளின்படி, 6 மாதத்துக்கு ஒரு முறையாவது முனையில் 2 மீட்டர் வெட்டி எறிந்து புதிதாகக் கோக்க வேண்டும். வெட்டிய துண்டைப் பிரித்து உட்கம்பிகளைப் பார்ப்பார்கள். நல்ல கயிற்றை வெட்டுவது வீண் செலவு என்று நினைக்கத் தோன்றும். கூண்டில் ஏறியவர் அப்படி நினைக்க மாட்டார்.

சங்கிலிக்கும் ஓய்வு உண்டு. பழைய தேனிரும்புச் சங்கிலிகளை உலையில் காய்ச்சி மெல்ல ஆற விடுவார்கள். இல்லாவிட்டால் இரும்பு நொறுங்கும் தன்மை அடையும்.

செப்பு ஆணி

பாதுகாப்புக் கொக்கியின் வேலை விசித்திரமானது. கூண்டு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி மேலே பாய்ந்தால், கொக்கி கோபுரத்தில் உள்ள வளையத்துக்குள் நுழையும். நுழையும்போது அதன் செப்பு ஆணி அறுபடும். கயிறு விடுபட்டுப் போகும். கொக்கியின் காதுகள் விரிந்து வளையத்தில் மாட்டிக்கொள்ள, கூண்டு அந்தரத்தில் நிற்கும். அதாவது, சரியான நேரத்தில் இணைப்பு அறுவதும் உயிரைக் காக்கும்.

28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மாரிகுப்பத்து மக்கள் இப்போது விடியற்காலை ரெயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கொக்கியைக் குனிந்து பார்த்துவிட்டு ஏறும் பழைய சுரங்கத் தொழிலாளி யாராவது அவர்களில் இருந்தால் ஆச்சரியம் இல்லை.