சாத்து என்றால் சாத்தணும்!

கட்டைவிரல் பருமனில் ஒரு வால்வு. கைப்பிடி கிடையாது, திருக முடியாது. குழாய்க்குள் செருகி மண்ணில் புதைத்துவிட்டால் அதன் முகத்தை அப்புறம் யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் என்றைக்கோ ஒருநாள் ஒரு பொக்லைன் வந்து குழாயைக் கிழிக்கும்போது, யாரும் சொல்லாமலே அது பாய்ந்து வழியை அடைத்தாக வேண்டும்! அமெரிக்காவில் தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு இயற்கை எரிவாயு கொண்டுபோகும் சர்வீஸ் லைனுக்குள் ஒளிந்திருக்கும் 'எக்ஸஸ் ஃப்ளோ வால்வு' இதுதான். மண்ணுக்குள் போவதற்கு முன் இதற்கு வைக்கும் பரீட்சை இருக்கிறதே, அடடா, அதைத்தான் எட்டிப் பார்க்கப்போகிறோம்.

உள்ளே பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு ஸ்பிரிங், ஒரு பிளஞ்சர், அது போய் உட்கார ஒரு சீட். வாயு அளவாகப் போகும்வரை ஸ்பிரிங்தான் ஜெயிக்கும். குழாய் அறுந்து வாயு தறிகெட்டு ஓடினால் பிளஞ்சரின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் எகிறும். டப்! சாத்தியாச்சு. கரண்டும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம்.

இனி வினாத்தாள். கூட்டாட்சி விதித் தொகுப்பின் 49ஆம் தலைப்பு, 192ஆம் பகுதி, பிரிவு 381. சோதனை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு. கார் டயரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மணிக்கு 400 கன அடியில் சாத்தும் என்று தயாரிப்பாளர் முத்திரை குத்தியிருந்தால், 400க்கும் 600க்கும் நடுவில் அது சாத்தியே தீர வேண்டும். அதாவது சொன்ன அளவுக்கு மேல் 50 சதவீதம்வரைதான் சலுகை.

சாத்திய பிறகும் விடமாட்டார்கள். எவ்வளவு கசிகிறது? இங்கேதான் சுவாரசியம். சில வால்வுகளில் வேண்டுமென்றே ஒரு பொடி ஓட்டை வைத்திருப்பார்கள். உடைப்பைச் சரிசெய்ததும் அதன் வழியே வாயு ஊறி, இரு பக்க அழுத்தமும் சமமாகி, வால்வு தானாகத் திறந்துகொள்ளும். மறுபடி பள்ளம் தோண்டும் வேலை மிச்சம். இந்த ரகத்துக்கு முத்திரை அளவில் 5 சதவீதம்வரை கசிவு அனுமதி, அதுவும் மணிக்கு 20 கன அடியைத் தாண்டக்கூடாது. ஓட்டை இல்லாத ரகத்துக்கோ வெறும் 0.4 கன அடி. மணிக்குச் சுமார் பதினோரு லிட்டர், அவ்வளவுதான்!

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி வேறு: சாத்தக்கூடாத நேரத்தில் சும்மா இருக்கிறதா? பனிக்கால ராத்திரி, ஹீட்டர், வெந்நீர் பாய்லர், அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் எரிகிறது. அப்போது பதறிப்போய் மூடிக்கொண்டால் வீடே விறைத்துப்போகும். பாய்ந்து மூடுவதைவிட இந்தப் பொறுமைதான் கஷ்டமான பாடம் என்பேன்.

கையால் திருகும் பிளாஸ்டிக் வால்வுகளுக்கு வேறு கச்சேரி. முழுக்கத் திறந்துவைத்து, உச்ச அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி உடம்பைச் சோதிப்பார்கள். பிறகு மூடி, முதலில் இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம். கண்ணுக்குத் தெரிகிற கசிவு துளியும் ஆகாது. இத்தனை அடியும் வாங்கியபின் கடைசியாக ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிக் காட்ட வேண்டும், எங்கும் சிக்காமல்!

இந்த எக்ஸஸ் ஃப்ளோ வால்வு கட்டாயமானதற்குப் பின்னால் துக்கமும் உண்டு. 1998 ஜூலையில் வர்ஜீனியாவின் சவுத் ரைடிங்கில் ஒரு புது வீடு வெடித்து ஒரு பெண் இறந்தார். புதிய சர்வீஸ் லைன்களில் எல்லாம் இந்த வால்வைப் போடச் சொல்லி 2001இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. தனி வீடுகளுக்கு முதலில் கட்டாயமானது. 2017 ஏப்ரலில் சிறு குடியிருப்புகளுக்கும் சிறு கடைகளுக்கும் விரிந்தது.

ஒன்று கவனியுங்கள்: மெல்லக் கசிந்தால் இந்த வால்வு அசையாது. வீட்டுக்குள் கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து போன் செய்வதுதான் வழி. அமெரிக்காவில் பழைய சர்வீஸ் லைன் உள்ள வீட்டில் குடியிருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: லைனின் கொள்ளளவு மணிக்கு 1,000 கன அடிக்குள் இருந்து, விதிவிலக்கு எதுவும் குறுக்கே வராவிட்டால், இந்த வால்வைப் போட்டுத் தரும்படி எரிவாயு நிறுவனத்திடம் கேட்க அவருக்கு உரிமை உண்டு.