உணவும் மூலிகையும்: ஒருங்கிணைந்த உயர்கல்வியின் தேவை

நீரிழிவு நோய்க்காக மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவருக்கு மாத்திரைகள் தரப்படுகின்றன. உணவு நிபுணர் ஓர் உணவுப் பட்டியலைத் தருகிறார். ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவர் கொடுத்த சூரணமும், உறவினர் சொன்ன வெந்தய நீரும் அவருடைய அன்றாட வழக்கத்தில் முன்னரே இடம் பெற்றிருக்கக் கூடும். இவை நான்கும் ஒரே வயிற்றில்தான் சேருகின்றன. ஆனால், நான்கையும் ஒருசேர நோக்கி, எதை எந்த அளவில் எப்பொழுது கொள்ளலாம் என்று கூறும் பயிற்சி பெற்றவரைக் காண்பது அரிதாகவே உள்ளது.

இது ஒருவருடைய இடர்ப்பாடு அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்கள். மிகுதியாலும் குறைவாலும் வரும் நோய்கள் ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில் காணப்படுகின்றன. இவற்றைத் தீர்ப்பதில் உணவுக்கும் மூலிகைக்கும் பங்குண்டு என்பதை மக்கள் நெடுங்காலமாகவே நம்பி வந்துள்ளனர். அந்த நம்பிக்கையில் எது மெய், எது வெறும் வழக்கம் என்று பிரித்தறியும் பொறுப்பு உயர்கல்வியைச் சார்ந்தது.

ஒரு மரபு, இரு கல்விகள்

பண்டைய இந்திய மருத்துவ நூல்கள் உணவையும் மருந்தையும் தனித்தனித் துறைகளாகக் கருதவில்லை. சரக சம்ஹிதை, உணவு கொள்ளும்போது கவனிக்க வேண்டிய எட்டுக் கூறுகளை வகுத்துக் கூறுகிறது. பொருளின் இயல்பு, அது பக்குவம் செய்யப்படும் முறை, பிற பொருள்களுடன் சேர்க்கை, அளவு, இடம், காலம், உண்ணும் முறை, உண்பவரின் தன்மை என்பன அவை. சித்த மருத்துவத்தில் மருந்துடன் பத்தியமும் சேர்ந்தே விதிக்கப்படுகிறது. யுனானி முறையில் உணவால் செய்யும் சிகிச்சை ஒரு தனிப் பிரிவாகவே போற்றப்படுகிறது.

நவீன ஊட்டச்சத்து இயல் வேறொரு வழியில் வளர்ந்தது. 1918-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்கரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அச்சிறு அமைப்பே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. அந்நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை 528 உணவுப் பொருள்களின் பகுப்பாய்வைத் தருகிறது. உணவு நிபுணரின் கையில் இன்றுள்ள அளவுகோல் இதுவே.

இவ்வாறு இரு கல்விகளும் தனித்தனியே வேரூன்றின. மூலிகையைக் கற்பவர் ஆயுர்வேதத்தில் திரவிய குணம், சித்தத்தில் குணபாடம், யுனானியில் இல்முல் அத்வியா ஆகிய துறைகளில் மூன்றாண்டு பட்ட மேற்படிப்பை மேற்கொள்கிறார். ஊட்டச்சத்தைக் கற்பவர் மனையியல் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. பட்டம் பெறுகிறார். முன்னவருக்குப் புரதக் கணக்கிலும், பின்னவருக்கு மூலிகையின் செயலிலும் விரிவான பயிற்சி கிடைப்பதில்லை.

இணைப்பு முயற்சியின் படிப்பினை

மருத்துவ முறைகளை இணைத்துக் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. 1925-ல் சென்னையில் அரசினர் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்து, இந்திய மருத்துவத்தையும் நவீன மருத்துவத்தையும் சேர்த்துக் கற்பித்தது. ஆனால் 1960-ல் அது நவீன மருத்துவத்துக்கான கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாக மாறிவிட்டது. நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய கலப்புப் படிப்புகள் நிலைக்கவில்லை. இரு முறைகளின் பாடங்களையும் ஒரே பட்டப் படிப்பில் அடுக்கி வைத்தபோது, மாணவர்கள் வேலைவாய்ப்பும் மதிப்பும் மிகுந்த பக்கமாகச் சாய்ந்தனர். இரண்டும் சந்திக்க வேண்டிய ஆராய்ச்சித் தளம் அங்கு அமையவில்லை.

இணைப்பு ஆராய்ச்சியின் மூலமே நிகழ வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றபோது உயர்கல்வி நிலையங்கள் தோன்றின. 1956-ல் ஜாம்நகரில் ஆயுர்வேதப் பட்ட மேற்படிப்புப் பயிற்சி மையம் அமைக்கப்பட்டது. 1963-ல் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் இந்திய மருத்துவப் பட்ட மேற்படிப்பு நிலையம் உருவாயிற்று. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான கல்வித் தரத்துக்கு வழி செய்தது. அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையம் ஏற்பட்டது. ஜெய்ப்பூர், ஜாம்நகர், புதுடில்லி, சென்னை தாம்பரம், பெங்களூர் ஆகிய இடங்களில் தேசிய அளவிலான நிலையங்கள் இன்று பட்ட மேற்படிப்பை நடத்துகின்றன.

ஓர் ஆய்வேடு காட்டிய வழி

உயர்கல்வி எதைச் சாதிக்க முடியும் என்பதற்குக் காசியில் எழுதப்பட்ட ஓர் ஆய்வேடு சான்றாகும். உடற்பருமனையும் அதனால் வரும் தீங்குகளையும் சுசுருத சம்ஹிதை விவரித்துள்ள முறை, இரத்தக் குழாய்களில் கொழுப்பு படியும் நோயை நவீன மருத்துவம் விவரிக்கும் முறையுடன் ஒத்திருப்பதை ஜி. வி. சத்தியவதி என்னும் மாணவி கவனித்தார். அந்நூல் அதற்குக் கூறும் மருந்துகளுள் ஒன்று குக்குலு. இது இராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் ஒரு முட்செடியின் பிசின். வனஸ்பதி போன்ற இறுகிய எண்ணெய் ஊட்டப்பட்டு இரத்தக் கொழுப்பு மிகுந்த முயல்களுக்கு அவர் குக்குலுவைக் கொடுத்து, கொழுப்பு குறைவதைக் கண்டார். 1966-ல் அவர் அளித்த இந்த ஆய்வேடு, பல ஆண்டு ஆராய்ச்சிகளுக்கு அடிப்படையாயிற்று. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அப்பிசினிலிருந்து உருவாக்கிய மருந்து 1980-களில் விற்பனைக்கு வந்தது. சத்தியவதி பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. 2003-ல் அமெரிக்காவில் நடந்த எட்டு வாரச் சோதனையில் குக்குலுச் சத்து இரத்தக் கொழுப்பைக் குறைக்கவில்லை. தீமை பயக்கும் கொழுப்பு வகை சற்றே உயர்ந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் ஏற்பட்டது. அச்சோதனையில் கலந்து கொண்டவர்கள் வழக்கமான மேலை நாட்டு உணவை உண்டவர்கள். முரண்பட்ட முடிவுகளுக்கு உணவு வேறுபாடுதான் காரணம் என்று இதனைக் கொண்டு தீர்ப்புக் கூறிவிட முடியாது. ஆயினும், மருந்தின் பயன் உண்பவரின் உணவைப் பொறுத்து மாறுமா என்பது உரிய கேள்வியே ஆகும். அதற்கு விடை காணும் சோதனையைத் திட்டமிட, மூலிகையின் தரத்தை அறிந்தவரும் உணவின் அளவை அறிந்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். அல்லது ஒரே மேசையில் அமர்ந்து பணியாற்றப் பழகியவர்களாகவேனும் இருக்க வேண்டும்.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. பிசினுக்காக அளவு மீறி வெட்டப்பட்டதால், குக்குலுச் செடி மிகக் கடுமையாக அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. மூலிகைக் கல்வி என்பது நோயாளியின் படுக்கையருகே மட்டுமன்றி, செடி வளரும் நிலத்திலும் தொடங்க வேண்டியதாகும்.

சமையலறையும் மருந்தறையும்

உணவு எங்கே முடிகிறது, மருந்து எங்கே தொடங்குகிறது என்பதற்கு வெந்தயம் நல்ல எடுத்துக்காட்டு. தாளிதத்தில் சேரும் சில விதைகள் உணவு. 1990-ல் வெளியான ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில் நீரிழிவு நோயாளிகளுக்கு நாள்தோறும் 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி உணவுடன் தரப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது. வெந்தயத்தில் மிகுந்துள்ள, நீரில் குழையும் நார்ப்பொருள் சர்க்கரை உட்கிரகிக்கப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் சமையலில் 100 கிராம் வெந்தயம் எவரும் உண்பதில்லை. அளவு கூடியவுடன் அது மருந்தின் தன்மையைப் பெறுகிறது. ஏற்கெனவே சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்பவர் அதனுடன் மிகுதியான வெந்தயத்தையும் சேர்த்தால், சர்க்கரை வேண்டிய அளவுக்கும் கீழே இறங்கிவிடக் கூடும்.

மிளகின் செய்தியும் இத்தகையதே. மஞ்சளிலுள்ள குர்குமின் தனியே உண்டால் இரத்தத்தில் சிறிதளவே சேருகிறது. மிளகிலுள்ள பைப்பெரினுடன் கொடுத்தபோது அது மனிதரில் சுமார் 20 மடங்கு மிகுதியாகச் சேர்ந்தது என்பது 1998-ல் வெளியான பெங்களூர் ஆய்வின் முடிவு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தைப் பல மருந்துகளுடன் கூட்டித் தரும் மரபின் காரணத்தைத் தேடிய ஜம்மு ஆராய்ச்சியாளர்கள் இதே தன்மையைப் பயன்படுத்தினர். அதன் விளைவாக, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைத்து, பைப்பெரின் சேர்த்த மாத்திரை 2009-ல் வெளிவந்தது. ஆனால் ஒரு மருந்தின் ஆற்றலை உயர்த்தும் பொருள், மற்றொரு மருந்தின் நச்சுத்தன்மையையும் உயர்த்தலாம். வலிப்பு நோய்க்கு மாத்திரை உண்பவர் மிளகுச் சத்து அடங்கிய குளிகையைத் தாமாகவே வாங்கி உண்பது தீங்கற்றது என்று கூறிவிட முடியாது. இருமலுக்கு நல்லதென்று பெயர் பெற்ற அதிமதுரம், நெடுநாள் மிகுதியாக உட்கொள்ளப்பட்டால் உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது.

செடியை இனங்காண்பதும் உயிர் காக்கும் கல்வியே ஆகும். 2021-ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக எழுதினர். அதனை ஆயுஷ் அமைச்சகம் மறுத்து, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடி தவறுதலாகப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று சுட்டிக் காட்டியது. நோயாளி உண்டது எந்தக் கொடி என்பதை உறுதி செய்யத் தெரிந்தவர் மருத்துவமனையில் இருந்தாலன்றி, இத்தகைய வாதங்களுக்கு முடிவு இராது.

பாடத்திட்டத்தில் இடம் பெற வேண்டியவை

இக்காரணங்களால், ஒருங்கிணைந்த பட்ட மேற்படிப்பு ஒன்று நான்கு பயிற்சிகளை உள்ளடக்கியிருத்தல் வேண்டும். முதலாவது, செடியை வயலிலும், காய்ந்த சரக்கைக் கடையிலும், அதன் சாரத்தை ஆய்வுக்கூடத்திலும் இனங்காணும் பயிற்சி. இரண்டாவது, ஒருவர் முந்திய நாளில் உண்டவற்றைக் கேட்டறிந்து, சத்து அட்டவணையின் துணையால் கணக்கிடும் பயிற்சி. இரும்புச்சத்து மாத்திரையுடன் தேநீர் அருந்தினால் அச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. நெல்லிக்காய் போன்ற வைட்டமின் ‘சி’ மிகுந்த பொருள் அதனைக் கூட்டுகிறது. இத்தகைய எளிய உண்மை இரத்தசோகை ஒழிப்பில் பெரும் பயன் தரும். மூன்றாவது, நோயாளி உண்ணும் எல்லா மருந்துகளையும் பதிவு செய்து, ஒன்றுடன் ஒன்று மோதுவதைக் கண்டறியும் மருத்துவமனைப் பயிற்சி. நான்காவது, சோதனைகளை வகுக்கவும் புள்ளி விவரங்களை ஆராயவும் வேண்டிய தேர்ச்சி.

இதற்கான கதவுகள் ஓரளவு திறந்துள்ளன. பெங்களூரில் ஆயுர்வேத உயிரியலில் எம்.எஸ்ஸி. கற்பிக்கப்படுகிறது. கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வில் 2024 டிசம்பர் முதல் ஆயுர்வேத உயிரியல் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. உணவு நிபுணர்களின் கல்வியையும் பதிவையும் முறைப்படுத்த 2021-ல் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய மருந்துகளால் நேரும் தீய விளைவுகளைப் பதிவு செய்யும் தேசிய மையமாகப் புதுடில்லி அகில இந்திய ஆயுர்வேத நிலையம் இயங்குகிறது. இம்மையத்துக்குச் செய்தி அனுப்புவதை ஒவ்வொரு மாணவரின் பயிற்சியிலும் ஒரு கடமையாக்கலாம்.

சந்தை இதற்குள் விரைந்து விட்டது. ஆயுர்வேத உணவுகளுக்கென 2022-ல் தனி விதிமுறைகள் வெளியிடப்பட்டுள்ளன. கடைகளில் உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட பொருள்கள் பெருகுகின்றன. அவற்றின் உறைமீது எழுதப்படும் கூற்றுகளைச் சரிபார்க்கக் கூடியவர்களின் தொகையும் அதற்கேற்பப் பெருகியாக வேண்டும்.

இதற்குப் புதிய கல்லூரிகளை எழுப்பும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரே நகரிலுள்ள ஊட்டச்சத்துத் துறையும் இந்திய மருத்துவக் கல்லூரியும் ஆய்வேடுகளுக்குக் கூட்டாக வழிகாட்டலாம். மாணவர்கள் சில மாதங்கள் இடம் மாறிப் பயிலலாம். பட்டம் பெறுவோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் பணியிடங்களை ஏற்படுத்தலாம். இறுதியாகக் கூறிய இது இல்லாவிடில், முந்திய கலப்புப் படிப்புகளுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும். கற்றவருக்கு வேலையும், நோயாளிக்கு அளவறிந்த அறிவுரையும் கிடைக்கும்போதுதான் ‘உணவே மருந்து’ என்று மக்கள் வழங்கும் சொல் மெய்யாகும்.