இன்ஜின் நின்னாச்சு, ஆனா மெஷின் நிக்கல: ஸ்னோ ப்ளோயரும் பத்து விரலும்

சிங்கப்பெருமாள் கோவில்ல உட்கார்ந்துகிட்டு பனி தள்ளுற மெஷினுக்கு ஒரு எபிசோடான்னு சிரிக்காதீங்க. மார்கழியிலயே ஃபேன் போட்டுத் தூங்குற ஊர்தான் இது. ஆனா ஒரகடத்துலயும் மறைமலை நகர்லயும் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியிலயும் வேலை பார்த்துட்டு கனடாவுக்குப் போனவங்க நம்ம நேயர்கள்ல இருக்கீங்க. முதல்ல அப்பார்ட்மென்ட்ல இருப்பீங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு மார்க்கம், ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ் பக்கம் டிரைவ்வேயோட ஒரு வீடு. முதல் பெரிய பனி விழுந்த மறுநாள் காலையில, கார் வெளிய போகணும்னா அதைத் தள்ளியாகணும். மண்வெட்டியால ஒரு மணி நேரம் அள்ளிப் பார்த்துட்டு அந்த வாரமே ஸ்னோ ப்ளோயர் வாங்கிடுவீங்க. பெட்ரோல் போட்டு, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணி, பின்னாடி நடந்துகிட்டே ஓட்டுற மெஷின்.

அந்த மெஷினை விரல் போகாம எப்படி ஓட்டறது, வருஷா வருஷம் எப்படிப் பராமரிக்கறது, இதுதான் இன்னைக்கு விஷயம்.

உள்ள என்னதான் இருக்கு?

முன்னாடி வாயைத் திறந்த மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதுக்குள்ள குறுக்கால ஒரு பெரிய திருகு. இதுக்கு ஆகர்னு பேர். கறி அரைக்கிற மெஷினுக்குள்ள இருக்கற திருகை நினைச்சுக்கோங்க. இது மெதுவாத்தான் சுத்தும். ரெண்டு பக்கத்துல இருந்தும் பனியை உடைச்சு நடுவுக்குக் கொண்டு வரும். நடுவுல, பின்னாடி மறைவா, இம்பெல்லர்னு ஒரு விசிறி இருக்கு. வந்த பனியை மேல இருக்கற குழாய் வழியா பல அடி தூரம் தூக்கி எறியறது இதோட வேலை. அந்தக் குழாய்க்கு ஷூட்னு பேர். ஆகரும் விசிறியும் சேர்ந்து இருக்கற மாடலை டூ ஸ்டேஜ்னு சொல்வாங்க.

வெளிய தெரியற ஆகரைப் பார்த்தாத்தான் பயமா இருக்கும். ஆனா ஷூட்டுக்குக் கீழ கண்ணுக்குத் தெரியாம இருக்கற விசிறிதான் வேகமானது. சின்னதா ஒரு கணக்கு போடலாம். நிமிஷத்துக்கு சுமார் 1,000 சுத்து, மூணு பிளேடுன்னு வெச்சுக்குவோம். ஷூட்டோட அடிவாயை ஒரு நொடிக்கு 50 தடவை பிளேடு கடந்து போகுது. ஏதோ தப்பா இருக்குன்னு மூளைக்குப் புரிஞ்சு கையை இழுக்க குறைஞ்சது கால் நொடி ஆகும். அதுக்குள்ள பத்துப் பன்னிரண்டு பிளேடு போயிருக்கும். "டக்குனு கையை எடுத்துருவேன்"ங்கற நம்பிக்கைக்கு இங்க இடமே இல்ல.

ஆபத்தான நாள் எது?

மைனஸ் 20 டிகிரியில ஊரே உறைஞ்சு கிடக்கற நாள்தான் மோசமா இருக்கும்னு தோணும். உண்மை நேர் எதிர். அந்தக் குளிர்ல பனி மாவு மாதிரி உதிரியா இருக்கும், சுலபமாப் பறந்துரும். வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி, மைனஸ் 2 டிகிரி, அதுக்கும் மேலன்னு இருக்கறப்ப, 15 சென்டிமீட்டருக்கு மேல ஈரப்பனி விழுந்தா, அது பிசைஞ்ச மாவு மாதிரி ஷூட்ல அப்பிக்கும். மெஷின் அடைச்சுக்கும். அமெரிக்காவுல கை அறுவை சிகிச்சை பண்ற டாக்டர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கறது இந்த மாதிரி நாட்களைப் பத்தித்தான். "இன்னைக்குக் குளிர் கம்மி, சட்டுனு முடிச்சுரலாம்"னு நீங்க நினைக்கற நாள் அது.

இன்னொரு இடமும் இருக்கு. நகராட்சி வண்டி ரோட்டுப் பனியைத் தள்ளிட்டுப் போறப்ப, உங்க டிரைவ்வே வாசல்ல வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு விட்டுட்டுப் போகும். அதுல ஐஸ் கட்டி, உப்பு, ஜல்லி எல்லாம் கலந்திருக்கும். வேலை முடியப் போற நேரத்துல, ஆபீஸுக்கு லேட் ஆகற நேரத்துல, மெஷின் அங்க போய் அடைச்சுக்கும்.

அப்ப மனுஷன் என்ன பண்ணுவான்? கையை விடுவான். அமெரிக்காவுல மட்டும் ஸ்னோ ப்ளோயர் காயத்தோட வருஷத்துக்கு 5,000க்கும் மேல ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. அதுல விரல் காயம் நிறைய. பெரும்பாலும் பழக்கக் கை, நடு விரல், மோதிர விரல்.

ஆஃப் பண்ணாலும் ஏன் வெட்டுது?

இதுலதான் படிச்சவங்களும் ஏமாறுவாங்க. "இன்ஜினை நிறுத்திட்டுத்தானே கையை விட்டேன்" அப்படின்னு சொல்ற நோயாளிகளும் இருக்காங்க.

விசிறி ஐஸ்ல மாட்டி நின்ன பிறகும் இன்ஜின் அதைத் தள்ளிக்கிட்டே இருக்கும். நடுவுல இருக்கற ரப்பர் பெல்ட் இழுபட்டு முறுக்கேறி நிக்கும். லீவரை விட்டா அந்த இறுக்கம் தளரணும். ஆனா கேபிள் உறைஞ்சு போயிருந்தாலோ, பெல்ட் சரியா விலகலைன்னாலோ, முறுக்கு உள்ளேயே தங்கிடும். இன்ஜின் நின்னிருக்கும், சத்தமும் இருக்காது. நீங்க விரலால அந்த ஐஸ் கட்டியை நெம்பி எடுத்த அதே நொடியில, அதுவரைக்கும் விசிறியைப் பிடிச்சு நிறுத்தியிருந்த பிடி போயிடுது. விசிறி துள்ளும். முழுசா ஒரு சுத்து கூட வேணாம், கால் சுத்து போதும்.

நம்ம ஒரகடம் பக்கம் பிரஸ் ஷாப், கன்வேயர் லைன்ல வேலை பார்த்தவங்களுக்கு இது புது விஷயம் இல்ல. மெயின்டனன்ஸ்ல இறங்கறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சுல பூட்டுப் போட்டு, பேர் எழுதின டேக் மாட்டி, சாவியை வேலை பார்க்கறவரே பாக்கெட்ல வெச்சுக்குவார். அதோட முடியாது. தேங்கி நிக்கற காத்து பிரஷரை வெளிய விடணும், தூக்கி நிக்கற பாகத்துக்கு முட்டுக் கொடுக்கணும், ஸ்பிரிங் இறுக்கத்தைத் தளர்த்தணும். லாக் அவுட் டேக் அவுட்னு சொல்றது இதைத்தான். அமெரிக்காவுல 1989லயே இதுக்குன்னு தனி விதி வந்தாச்சு. அதோட அடிப்படை இவ்வளவுதான்: சுவிட்ச் ஆஃப்ங்கறது வேற, உள்ள சக்தியே இல்லங்கறது வேற.

ஆனா தொழிற்சாலையில சேஃப்டி ஆபீசர் இருப்பார். உங்க வீட்டு வாசல்ல யாரும் கிடையாது. நீங்களும் குளிரும்தான்.

இந்த மெஷினோட வம்சாவளியிலயே ஒரு எச்சரிக்கை இருக்கு. 1925ல கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்டுங்கறவர் லாரி மேல பொருத்தின ஸ்னோ ப்ளோயரை உருவாக்கினார். 1927ல மான்ட்ரியல் பக்கத்துல உட்ரமான்ட் ஊருக்கு வித்தார். கதிரடிக்கிற மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததுன்னு சொல்வாங்க. அதே கதிரடிக்கிற மெஷின் வகைதான் நம்ம நாட்டு விவசாயக் கூலிகள் நிறைய பேரோட கையை எடுத்துச்சு. அதனாலதான் பவர் த்ரெஷரை மனசுல வெச்சு 1983ல ஆபத்தான இயந்திரங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டு வந்துச்சு. பொருளை உள்ள இழுக்கற எந்த மெஷினுக்கும் வைக்கோல், பனி, விரல்னு வித்தியாசம் தெரியாது.

அடைச்சுக்கிட்டா என்ன பண்ணணும்?

ஒண்ணு. ரெண்டு லீவரையும் விடுங்க. இன்ஜினை நிறுத்துங்க. சாவி இருந்தா எடுத்து பாக்கெட்ல போடுங்க. பேட்டரி மாடலா? பேட்டரியைக் கழட்டுங்க. கரன்ட் ஒயர் மாடலா? பிளக்கை உருவுங்க.

ரெண்டு. எல்லாம் சுத்தி நிக்கற வரைக்கும் காத்திருங்க. காதை நம்பாதீங்க, கண்ணால பாருங்க.

மூணு. பெட்ரோல் மெஷின்ல ஸ்பார்க் பிளக் மேல இருக்கற தொப்பியையும் கழட்டிருங்க. விசிறியைத் திருப்பறப்ப இன்ஜின் தப்பித் தவறி ஓட ஆரம்பிக்காது.

நாலு. கையை விடாதீங்க, குச்சியை விடுங்க. புது மெஷின் பெரும்பாலானதுல இதுக்குன்னே ஒரு பிளாஸ்டிக் குச்சி மாட்டியிருப்பாங்க. இல்லைன்னா உறுதியான கட்டைத் துண்டு ஒண்ணு வெச்சுக்கோங்க. விசிறி துள்ளும்னு நினைச்சுக்கிட்டே நெம்புங்க. குச்சி உடைஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம்.

கையுறை போட்டிருக்கேன்னு தைரியம் வேணாம். கையுறை குளிரைத் தடுக்கும், பிளேடைத் தடுக்காது. போதாததுக்கு, துணி மாட்டினா கையையும் சேர்த்து உள்ள இழுக்கும். தொங்கற மஃப்ளரும் அப்படித்தான்.

கையை எடுத்தா நின்னு போற லீவரை டேப் போட்டோ கயிறு கட்டியோ பிடிச்சு வைக்கவே கூடாது. உங்க உடம்பைக் காப்பாத்த அந்த மெஷின்ல இருக்கற முக்கியமான பாகமே அதுதான்.

நிறுத்தப் பயமா இருந்தா, கோளாறு பராமரிப்புல

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் கையை விடறாங்க? முட்டாள்தனம்னு ஒதுக்கிட முடியாது. நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகுமாங்கற பயம்தான். அந்தக் குளிர்ல இருபது தடவை கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகியிருக்கும். அதை எவன் ஆஃப் பண்ணுவான்? ரீஸ்டார்ட் பண்ணா திரும்ப எழுந்திரிக்குமான்னு தெரியாத சர்வர்ல, ஓட ஓடவே கோடை மாத்தறோமே, அதே மனநிலை. தொழிற்சாலையிலயும் லைனை நிறுத்தினா டார்கெட் போயிரும்னு பயப்படற இடத்துலதான் கை உள்ள போகுது.

அதனால பராமரிப்பைத் தனி வேலையா பார்க்காதீங்க, பாதுகாப்பே அதுதான். ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகற மெஷினைத்தான் மனுஷன் தயங்காம நிறுத்துவான்.

முதல்ல பெட்ரோல். லாக்டவுன்ல மாசக்கணக்கா நிறுத்தி வெச்ச பைக் என்ன பாடு படுத்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? பழைய பெட்ரோல் கார்புரேட்டர்ல பிசினா படிஞ்சுரும். சீசன் முடிஞ்சதும் டேங்க்கைக் காலி பண்ணி, மிச்சம் தீரும் வரைக்கும் ஓட்டி வைங்க. இல்லைன்னா ஃபியூல் ஸ்டெபிலைசர் கலந்து கொஞ்ச நேரம் ஓட்டிட்டு வைங்க. அக்டோபர்லயே புது பெட்ரோல் ஊத்தி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

ரெண்டாவது ஆயில். மேனுவல்ல சொல்லியிருக்கற குளிர்கால கிரேடு மட்டும். கெட்டியான ஆயிலா இருந்தா குளிர்ல கயிறு இழுக்கவே தோள் கழண்டுரும்.

மூணாவது ஷியர் பின். ஆகரையும் அதோட ஷாஃப்ட்டையும் இணைக்கற சின்ன போல்ட். கல்லு மாட்டினா அது முதல்ல உடையணும், அதுக்குத்தான் மெத்துன்னு செஞ்சு வெச்சிருக்காங்க. அடிக்கடி உடையுதேன்னு கடையில கிடைச்ச கெட்டி போல்ட்டைப் போட்டா, அது ஃபியூஸ் போன இடத்துல தடிச்ச செம்புக் கம்பி கட்டற கதை. அடுத்த தடவை கியர்பாக்ஸ் உடையும். கம்பெனி சொன்ன பின்னையே நாலஞ்சு வாங்கி வைங்க.

நாலாவது பெல்ட், கேபிள். லீவரை விட்டதும் ஆகர் சில நொடியில நிக்குதான்னு சீசன் ஆரம்பத்துலயே பாருங்க. நிக்கலைன்னா அந்த மெஷினை ஓட்டாதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

அஞ்சாவது, அடைக்காமப் பார்த்துக்கறது. ஷூட்டுக்குள்ள சிலிக்கான் ஸ்பிரே அடிங்க. ஈரப்பனியில பாதி அகலம் மட்டும் எடுத்து, இன்ஜினை முழு வேகத்துல வெச்சு, மெதுவா நடங்க. பனி முழுசா விழுந்து முடியட்டும்னு காத்திருக்காம நடுவுல ஒரு தடவை தள்ளிருங்க. முடிச்சதும் ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு உள்ள இருக்கறதை வெளிய எறிய விடுங்க. இல்லைன்னா ராத்திரி அப்படியே உறைஞ்சுரும்.

கையோட நிக்காத ஆபத்துகள்

கராஜ் உள்ள, கதவு திறந்திருந்தாலும் இன்ஜினை ஓட்டாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, வீட்டுக்குள்ளயும் போயிரும். பெட்ரோல் ஊத்தறது வெளிய, இன்ஜின் ஆறின பிறகு. ஷூட்டை ரோட்டுப் பக்கமோ, ஆள் நிக்கற பக்கமோ, ஜன்னல் பக்கமோ திருப்பாதீங்க. பனியோட சேர்ந்து ஜல்லியும் பறக்கும். பனி விழறதுக்கு முன்னாடியே வாசல்ல கிடக்கற மிதியடி, பேப்பர், பொம்மை, ஒயர் எல்லாத்தையும் எடுத்துருங்க. குழந்தைகள் வீட்டுக்குள்ள இருக்கட்டும்.

முக்கியமா, ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா. "நீ ஆபீஸ் கிளம்புப்பா, நான் பார்த்துக்கறேன்"னு சொல்வார். பம்ப்செட், கிரைண்டர், டிவிஎஸ் 50ன்னு வாழ்க்கை முழுக்க மெஷினோட புழங்கின கை. அந்த அனுபவம்தான் அவரை அடைப்புல கையை விட வைக்கும். அதனால வெயில் இருக்கற ஒரு நாள்ல, பனி விழறதுக்கு முன்னாடி, அவரைப் பக்கத்துல நிக்க வெச்சு நிறுத்தறது எப்படி, சாவி எடுக்கறது எப்படி, குச்சி எங்க இருக்குன்னு செஞ்சு காட்டுங்க. "இன்ஜின் நின்னாலும் இது துள்ளும்ப்பா"ன்னு காரணத்தோட சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா அவர் கேட்டுக்குவார்.

கனடா போகாதவங்களுக்கும் இதுல வேலை இருக்கு. செங்கல்பட்டுப் பக்கம் சொந்தக்காரங்க வயல்ல பவர் வீடர் இருந்தா, அதுல களை சுத்திக்கிட்டா என்ன பண்றாங்கன்னு இந்த வாரம் கேட்டுப் பாருங்க. கையால பிடுங்கறோம்னு சொன்னா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.