காரும் பேசும்! கேட்கத் தெரியுமா?



இந்த முறை நான் எழுதப்போவது கார் பற்றி. "நம்ம ஊர்ல எத்தனை வீட்டுல கார் இருக்கு?" என்று சிரிக்காதீர்கள். ஆட்டோ, மினி வேன், டிராக்டர் என்று எந்த வண்டியாக இருந்தாலும் பேட்டரி உண்டு, செல்ஃப் உண்டு. அதனால் எல்லோருக்கும் உதவும்.

எங்க அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். பழைய பெட்ரோல் கார். போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு விடியக்காலை நாலு மணிக்குச் சவாரி. சாவியைத் திருகினால் "டிக் டிக் டிக்" என்று சத்தம் மட்டும்தான் வந்தது. வண்டி கிளம்பவில்லை. கல்யாண வீட்டுக்காரங்க திட்டிவிட்டு வேற வண்டியில போயிட்டாங்க. அப்புறம் ஒரு கடையில் காட்டினோம். பானெட்டைத் திறந்ததுமே "பேட்டரி போச்சு, புதுசு போடணும்" என்றார்கள். அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தாங்க. அதை அடகு வைத்துப் புது பேட்டரி வாங்கினோம். அம்மா காதில் ஈர்க்குச்சி.

பத்தே நாள். மறுபடியும் "டிக் டிக் டிக்"!

இந்தத் தடவை பக்கத்து ஊரில் வயரிங் வேலை பார்க்கும் தாத்தாவை அப்பா கூட்டி வந்தார். அவர் வந்ததும் எதையும் கழற்றவில்லை. "தம்பி, ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு செல்ஃப் அடிங்க" என்றார். லைட் பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருகியதும் மங்கிவிட்டது. பிறகு மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். பேட்டரியின் மைனஸிலிருந்து வந்து வண்டி பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் வயர், அந்த இடத்தில் துருப்பிடித்துப் போயிருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கினார். வண்டி உடனே கிளம்பியது! பழைய பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

"லைட் எரியுதே, அப்ப எர்த் நல்லாத்தானே இருக்கு?" என்று நான் கேட்டேன். தாத்தா சொன்ன பதிலை அறிவியல் டீச்சர் கணக்காகப் போட்டுக் காட்டினாங்க. துருப்பிடித்த இடத்தில் மின்தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ரொம்பச் சின்ன எண்தான். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 10 ஆம்பியர் போதும். 10 × 0.05 = 0.5 வோல்ட்தான் வீணாகும். ஆனால் செல்ஃப் மோட்டார் சுற்ற சுமார் 100 ஆம்பியர் வேண்டும். 100 × 0.05 = 5 வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துவிடும்! 12 வோல்ட்டில் 7தான் மிச்சம். செல்ஃப் எப்படிச் சுற்றும்? ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகும், லாரி போகாது. அது மாதிரிதான்.

நான் நோட்டில் எழுதி வைத்தவை இதோ:

1. "டிக் டிக்" என்று கேட்டு லைட்டும் மங்கினால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலோ எர்த்தோ சரியில்லை. பேட்டரியை மாற்றும் முன் இந்த இரண்டு இடத்தையும் கட்டாயம் பாருங்கள்.

2. லைட் மங்காமல் "டக்" என்று ஒரே சத்தம், அல்லது சத்தமே இல்லை என்றால்: செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் வயரையோ பார்க்கணும்.

3. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால்: பேட்டரி மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் தீப்பொறி வரவில்லை. முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். பிளக் வயரைக் கையால் தொடவே கூடாது. அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும்.

4. மீட்டர் இருந்தால்: நிறுத்தி வைத்த வண்டியில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். உள்ளே 6 அறைகள், ஒவ்வொன்றுக்கும் 2.1 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த்தைச் சோதிக்க, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

5. டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பொடி பூத்திருந்தால்: வண்டியை அணைத்து, மைனஸ் வயரை முதலில் கழற்றணும். வெந்நீரில் ஆப்பச் சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, மாட்டி முறுக்கி, மேலே வாஸ்லின் தடவணும். மாட்டும்போது மைனஸ்தான் கடைசி. பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். கண்ணில் படக்கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது.

6. ஹாரனோ வைப்பரோ மட்டும் வேலை செய்யவில்லை என்றால்: ஃபியூஸைப் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அதே நிறத்தில்தான் மாற்றணும். செம்புக் கம்பியைச் சுற்றி விட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

7. சூட்டு முள் மேலே ஏறினால்: ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். அது நம்ம வீட்டு குக்கர் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்தால் முகத்தில் அடிக்கும்.

சோதிக்கும்போது வண்டி நியூட்ரலில் இருக்கணும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கணும். சாவியைப் பெரியவங்கதான் திருகணும். பிரேக்கில் குறை என்றால் நாம் கை வைக்கவே கூடாது, மெக்கானிக்கிடம்தான் போகணும்.

நோய் என்ன, அது எதனால் வந்தது என்று பார்த்த பிறகே வைத்தியம் செய்யணும் என்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். காருக்கும் அது பொருந்தும்.

போன வாரம் விடியக்காலை மறுபடியும் "டிக் டிக்". அப்பா தலையில் கை வைத்துவிட்டார். "பொட்டப் புள்ளைக்கு அங்க என்ன வேல?" என்று பாட்டி சத்தம் போட்டது. நான் டார்ச் அடித்துக்கொண்டு, "அப்பா, ஹெட்லைட்டைப் போடுங்க" என்றேன். மங்கியது. வண்டியை அணைத்துவிட்டு டெர்மினலை ஆட்டிப் பார்த்தோம். பிளஸ் பக்கம் நட்டு லூஸ்! அப்பா ஸ்பேனரால் முறுக்கினார். அஞ்சு மணிச் சவாரி தவறவில்லை. அந்த வாடகையில் அடகுக் கடைக்கு வட்டி கட்டியாச்சு. ஆடிக்குள்ள தோட்டை மீட்டுடலாம்னு அப்பா சொல்றார்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி