படிம உணரியின் தூசு நீக்கம்

படிம உணரியின் தூசு நீக்கம் என்பது, வில்லை மாற்றத்தக்க எண்ணிம ஒளிப்படக்கருவிகளின் உணரியில் படியும் தூசை அகற்றுதல் ஆகும். உண்மையில் தூசு படிவது உணரியின்மீது அன்று; அதன் முன்னுள்ள கண்ணாடி வடிகட்டியின்மீதே. கீறல் விழுவதும் அதிலேயே. எனினும் அதனை மாற்றும் செலவு சிறிதன்று.

எஃப்/16 போன்ற சிறிய துவாரத்தில் வானத்தைப் படமெடுத்தால் தூசு கரும்புள்ளியாகத் தெரியும். பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்பகுதியில் காணும் புள்ளிக்குரிய தூசு உணரியின் கீழ்ப்பகுதியில் இருக்கும்.

2003 இல் வெளிவந்த ஒலிம்பசு இ-1 கருவி மீயொலி அதிர்வால் தூசை உதறியது. ஒட்டிய தூசு இவ்வாறு உதிர்வதில்லை.

கையால் நீக்கும்முன் மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டிருத்தல் வேண்டும். எஸ்.எல்.ஆர் வகையில் இடையே மின்சாரம் தீர்ந்தால், உள்ளிருக்கும் துடைப்பான்மீது மூடுதிரையும் ஆடியும் மூடிக்கொண்டு பழுதாகலாம். கருவியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, இரப்பர் ஊதுகுமிழால் காற்றடிப்பதே முதற்படி. பெரும்பாலும் இதுவே போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்றுக் குப்பியோ உந்துநீர்மத்தைக் கக்கிக் கறைப்படுத்தக்கூடும்.

இதற்கும் நீங்காத தூசுக்கே, உணரியின் அகலத்துக்குரிய புதிய துடைப்பானில் ஓரிரு துளி மெத்தனால் இட்டு, பக்கத்துக்கு ஒருமுறை மட்டும் இழுப்பர். மெத்தனால் நச்சுடையது; எளிதில் தீப்பற்றும். பயன்படுத்திய துடைப்பானை மீண்டும் பயன்படுத்தினால், அதில் ஒட்டிய துகளே வடிகட்டியைக் கீறும்.